எக்ஸ் குரோமோசோமில் கிடைத்த துப்பு

டெக்சாஸில் 1971இல் பிறந்த டேவிட் வெட்டர், கிருமி நீக்கிய பிளாஸ்டிக் அறைக்குள்ளேயே வளர்ந்து 12 வயதில் இறந்துபோனான். சாதாரணக் கிருமியைக்கூடத் தாங்காத உடம்பு. நோய் எதிர்ப்பு சக்தியே கிட்டத்தட்ட இல்லாமல் பிறக்கும் 'ஸ்கிட்' என்னும் இந்நோயின் ஒரு வகை, தாய்வழியாக ஆண் பிள்ளைகளுக்கு வருவது. ஆணுக்கு ஒரே எக்ஸ் குரோமோசோம்தான். அதில் பழுது என்றால் ஈடுகட்ட இன்னொன்று கிடையாது. பாதிக்கப்பட்ட குடும்பங்களை ஆராய்ந்தவர்கள், எக்ஸின் நீண்ட கையில் 13ஆம் பட்டையை (சாயமேற்றினால் குரோமோசோமில் தெரியும் கோடுகளில் ஒன்று) ஒட்டிய பகுதிவரை நெருங்கிவிட்டார்கள். ஆனால் அங்கே மரபணுக்கள் ஏராளம். எது?

நோய் எதிர்ப்பு செல்கள் இன்டர்லூக்கின் என்னும் புரதங்களை அனுப்பித்தான் ஒன்றுக்கொன்று சேதி சொல்கின்றன. இன்டர்லூக்கின்-2ஐ செல்லின் மேற்பரப்பில் நின்று வாங்கும் புரதமான ஏற்பியின் 'காமா' என்ற பகுதிக்கான மரபணுவை 1992இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தார்கள். அது எந்தக் குரோமோசோமில் இருக்கிறது என்பது அடுத்த கேள்வி.

இதைக் கண்டுபிடிக்கும் வழி அழகானது. மனித செல்லையும் எலி செல்லையும் இணைத்து வளர்த்தால், கலப்பு செல் பெருகப் பெருக மனித குரோமோசோம்கள் உதிர்ந்துகொண்டே போகும், எலியுடையவை தங்கிவிடும். ஒரு வளர்ப்பில் 4, 9, எக்ஸ் மிஞ்சும், இன்னொன்றில் 7, 12. தேடும் மரபணு எவற்றில் இருக்கிறது, எவற்றில் இல்லை என்று ஒப்பிட்டால் குரோமோசோம் பிடிபட்டுவிடும். இன்டர்ஃபெரான் என்னும் வேறு சேதிப் புரதங்களில் ஆல்ஃபாவின் மரபணு 9இல், இன்டர்ஃபெரான் காமாவினுடையது 12இல் என்று 1980களில் தெரிந்தது இப்படித்தான். அப்புறம், அந்த மரபணுவோடு மட்டும் ஒட்டும் டி.என்.ஏ. துணுக்கில் ஒளிரும் சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் பரப்பிய குரோமோசோம்கள்மேல் விட்டால், எந்தப் பட்டையில் மின்னுகிறது என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிடலாம்.

ஏற்பியின் காமா பகுதிக்கான மரபணு இருந்தது எக்ஸின் அதே 13ஆம் பட்டையில்! அமெரிக்காவில் வாரன் லெனார்டின் குழு 1993இல் நோயாளிகள் மூவரின் மரபணுவைப் படித்தது. மூன்றிலும், புரதம் பாதியிலேயே நின்றுபோகும்படியான பிழை.

சரி, ஒரு முரண் மிச்சமிருந்தது. இன்டர்லூக்கின்-2 அறவே இல்லாத எலிகளுக்கு, நோய் எதிர்ப்பில் முக்கியமான வெள்ளை அணுக்களான டி செல்கள் உருவாகின்றன. இந்தப் பிள்ளைகளுக்கோ உருவாவதில்லை. அப்படியானால் காமா வேறு சேதிகளையும் வாங்க வேண்டும். தேடியபோது 4, 7, 9, 15, 21 ஆகிய இன்டர்லூக்கின்களின் ஏற்பிகளுக்கும் அதுவே பொது உறுப்பு என்று தெரிந்தது. டி செல் வளர இன்டர்லூக்கின்-7 வேண்டும், வைரஸ் தொற்றிய செல்களைக் கொல்லும் என்.கே. செல் வளர 15. ஒரே பழுதில் இரண்டும் அறுந்துபோகின்றன.

காமாவிடமிருந்து சேதியை செல்லுக்குள் கடத்துவது ஜாக்3 என்னும் நொதி. அதன் மரபணு 19ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அது இரண்டு பிரதியிலும் பழுதானால் இதே நோய் பெண் குழந்தைகளுக்கும் வரும் என்பது 1995இல் உறுதியானது.