பாட்டுப் பெட்டியைக் கொடுத்துவிடும் முன் கேசட்டின் முதுகைப் பாருங்கள்

வீடு மாற்றும்போதோ, பெரியவர் ஒருவர் தவறிச் சில மாதங்கள் கழிந்த பிறகோ எனக்கு அழைப்பு வரும். "சார், அப்பாவோட ரெக்கார்டு, கேசட்டெல்லாம் கிடக்கு. கேக்க ஆளில்ல, வைக்க இடமும் இல்ல. யாருக்காவது குடுத்துடலாமா?"

பழைய ஒலிப்பதிவுகளைச் சுத்தம் செய்து டிஜிட்டலாக்குவது என் தொழில். தாராளமாகக் கொடுக்கலாம் என்றுதான் சொல்வேன். பரணில் கிடந்தால் மட்டும் அவை பிழைத்துவிடாது. நம் ஊர் வெயிலில் எல்பி என்கிற பெரிய பிளாஸ்டிக் இசைத்தட்டு நெளிந்துபோகும், மழைக்காலத்து ஈரத்தில் கேசட்டில் பூஞ்சை பிடிக்கும். கேட்கிறவர் கைக்குப் போனால்தான் பாட்டுக்கு ஆயுசு. ஆனால் எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுப்பது என்று பிரிக்கும்போது பல வீடுகளில் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. அட்டை கிழியாத சினிமா எல்பியைப் பத்திரப்படுத்துகிறார்கள். மேலே எதுவும் எழுதாத கேசட்டுகளை மூட்டை கட்டிப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுகிறார்கள். அந்த எல்பி ஏராளமாக அச்சானது, அலைந்தால் இன்னொன்று கிடைக்கும். எழுதாத கேசட்டில் இருப்பதற்கு வேறு பிரதியே இல்லாமல் இருக்கலாம்.

அதனால் கேசட்டிலிருந்து தொடங்குங்கள். நாடா வெளியே தெரிகிற விளிம்புக்கு எதிர்ப்புறம், அதாவது கேசட்டின் முதுகில், இரண்டு மூலைகளிலும் சின்னக் குழி இருக்கும். கடையில் பாட்டோடு விற்ற கேசட்டில் அந்தக் குழி திறந்திருக்கும். திறந்திருந்தால் டேப் ரெக்கார்டரில் ரெக்கார்டு பட்டன் இறங்காது. வெற்றுக் கேசட்டில் அதை ஒரு பிளாஸ்டிக் நாக்கு மூடியிருக்கும். இப்போது முருகன் பாட்டோ சினிமாப் பாட்டோ அச்சிட்ட ஒரு கேசட்டில் அந்தக் குழியின் மேல் செலோடேப் ஒட்டியிருந்தாலோ காகிதம் திணித்திருந்தாலோ, வீட்டில் யாரோ அதன்மேல் எதையோ பதிவுசெய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வெளியே எழுதியிருப்பதை நம்பாதீர்கள். வளைகுடாவில் வேலை பார்த்த மகனுக்கு அம்மா பேசி அனுப்பிய கேசட், பாட்டியின் தாலாட்டு, ஊர்க் கோயில் கொடையில் பாடிய வில்லுப்பாட்டு எல்லாம் இப்படித்தான் இன்னொரு பாட்டின் பெயருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்.

அப்படி ஒன்று அகப்பட்டால் முதல் வேலை அந்தச் செலோடேப்பை உரித்துவிடுவது. வெற்றுக் கேசட் என்றால் நாக்கை உடைத்துவிடுங்கள். தப்பித் தவறிக்கூட அதன்மேல் வேறு எதுவும் பதிவாகக் கூடாது. அப்புறம் கேசட்டின் நடுவிலுள்ள சன்னல் வழியாக நாடாச் சுருளைப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி படர்ந்திருந்தால் அது பூஞ்சை. ஓட்டிப் பார்க்கவே வேண்டாம்; நாடா அறுந்துபோகலாம், டேப் ரெக்கார்டரில் ஒட்டிக்கொண்டு அடுத்தடுத்த கேசட்டுக்கும் பரவலாம். உள்ளே இருக்கும் பஞ்சுத் துண்டு விழுந்துவிட்டது, கேசட் உடைந்துவிட்டது என்றால் கவலை இல்லை. நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றிவிட முடியும்.

ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் கொடுத்து, அறுபது நிமிடத்திலும் தொண்ணூறு நிமிடத்திலும் பதிந்து வாங்கிய கேசட்டுகள் மூட்டை மூட்டையாக வரும். அவற்றில் இருக்கும் பாட்டுகள் பெரும்பாலும் வேறு வழியில் கிடைக்கும். கொடுத்துவிடலாம். ஆனால் உள்அட்டையில் அப்பாவோ மாமாவோ கைப்பட எழுதிய பாட்டு வரிசையை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். ஒருவர் எந்தப் பாட்டுக்கு அடுத்து எந்தப் பாட்டைக் கேட்க ஆசைப்பட்டார் என்பது வேறு எங்கும் பதிவாகவில்லை.

இசைத்தட்டுகளில் கனமாக, கீழே போட்டால் ஓடுபோல நொறுங்குவது 78 வேகத் தட்டு, அதாவது நிமிடத்துக்கு 78 முறை சுற்றுவது. அது அரக்கு கலந்து செய்தது. ஸ்பிரிட், சானிடைசர் போட்டுத் துடைத்தால் அரக்கு கரைந்து பாட்டே போய்விடும். காய்ந்த மெல்லிய பிரஷால் தூசி தட்டினால் போதும், மற்றதைத் தெரிந்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் பிடிக்கும். அதனால் அந்தக் காலத்து நாடகங்கள் பல தட்டுகள் கொண்ட செட்டாக வந்தன. ஆளுக்கு இரண்டு என்று சொந்தக்காரர்கள் பிரித்துக்கொண்டால் நாடகம் சிதறிவிடும், திரும்பச் சேர்க்க முடியாது. செட்டை ஒரே கையில் கொடுங்கள். விரிசல் விட்ட தட்டையும் தூக்கிப் போடாதீர்கள், அதிலிருந்தும் பாட்டை மீட்க முடிகிறது.

78 தட்டை ஆசையோடு கேட்கும் இளைஞர்களிடம் என்ன பிளேயர் வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். இப்போது விற்கும் பல பிளேயர்களில் 33, 45 வேகம் மட்டுமே உண்டு. வேகம் இருந்தாலும் எல்பிக்கான ஊசி மெல்லியது. 78 தட்டின் அகலமான பள்ளத்துக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு பருமனான ஊசி வேண்டும். அவர்களுக்கு எல்பிகளைக் கொடுங்கள், மனம் நிறையக் கேட்பார்கள். 78 தட்டுகள், நாடக செட்டுகள், பாடியவர் யாரென்று அட்டையில் தெரியாத தட்டுகள் இவையெல்லாம் ஆவணக் காப்பகத்துக்குப் போவது நல்லது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் புத்தகங்களோடு கிராமபோன் தட்டுகளும் இருக்கின்றன. எந்தக் காப்பகமானாலும் பெட்டியை நேரே கொண்டுபோய் இறக்காமல், லேபிளில் இருக்கும் கம்பெனி பெயர், தட்டு எண், பாடியவர் மூன்றையும் எழுதிப் பட்டியலை முதலில் அனுப்புங்கள். ஏற்கெனவே இருப்பதை இன்னொரு முறை வாங்கி வைக்க அவர்களிடம் இடம் இருக்காது.

சிடிக்களில் கடையில் வாங்கியவை எங்கே போனாலும் சரி. வீட்டுக் கணினியில் எழுதியவற்றின் சாயம் மங்கிக்கொண்டே வரும், கொடுப்பதற்கு முன் உள்ளே இருப்பதை நகலெடுத்துவிடுங்கள்.

தட்டை யாருக்குக் கொடுப்பதற்கும் சட்டத்தில் தடை இல்லை. அதிலுள்ள பாட்டை இணையத்தில் ஏற்றுவது வேறு கதை. இந்தியச் சட்டப்படி, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் ஒலிப்பதிவுக்குக் காப்புரிமை உண்டு. எழுதியவர், இசையமைத்தவர் உரிமை தனி. வீட்டில் பதிந்த குரல்கள் என்றால், பேசியவர் இருந்தால் அவரிடம், இல்லையென்றால் குடும்பத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வெளியே விடுங்கள்.

யாருக்கும் ஆகாமல் மிஞ்சுவதைக் குப்பையோடு கொளுத்தாதீர்கள். எல்பி என்பது பிவிசி பிளாஸ்டிக். எரித்தால் வரும் புகையில் அமில வாயு இருக்கிறது.

பெட்டி கட்டும்போது தட்டுகளைப் படுக்கவைக்காமல் நிறுத்தி அடுக்குங்கள், பெரிய பெட்டியில் திணிக்காமல் சின்னப் பெட்டிகளாகப் பிரியுங்கள். தட்டின் லேபிளிலோ அட்டையிலோ பேனாவால் எழுதிய பெயர், கல்யாணப் பரிசு, தேதி இருந்தால் அழிக்கவே அழிக்காதீர்கள். யார், எந்த ஊரில், ஏறக்குறைய எந்த வருடம் வாங்கியது என்று தெரிந்தவரை ஒரு தாளில் எழுதி முதல் தட்டின் உறைக்குள் வைத்து அனுப்புங்கள்.