பதினெட்டு வயது டிஃபென்ஸ்மேன் தேறுவாரா? பக் அவருக்குப் பின்னால் கிடக்கும்போது பாருங்கள்

2012 ஜூனில் பிட்ஸ்பர்க் நகரில், வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீகான என்.ஹெச்.எல்.-இன் டிராஃப்ட், அதாவது இளம் வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் தேர்வு, நடந்தது. முதலில் தேர்வான பத்துப் பேரில் எட்டுப் பேர் டிஃபென்ஸ்மேன்கள், அதாவது பின்களத் தடுப்பாட்டக்காரர்கள். நான்காவது இடத்தில் நியூயார்க் ஐலண்டர்ஸ் அணி கிரிஃபின் ரைன்ஹார்ட்டை எடுத்தது. உயரம் 193 சென்டிமீட்டர், பதின்ம வயதினர் ஆடும் ஜூனியர் லீகில் நல்ல பெயர், நிதானமான ஆட்டம். என்.ஹெச்.எல்.-இல் அவர் ஆடியது மொத்தம் 37 ஆட்டங்கள். அதே டிராஃப்டில் செயின்ட் லூயிஸ் அணி கோல்டன் பராய்க்கோவை எடுத்தது 86ஆவது இடத்தில்; 2019இல் அந்த அணி என்.ஹெச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையை வென்றபோது அவர் அதன் தூண்களில் ஒருவர். கரோலினா அணி ஜேக்கப் ஸ்லேவினை எடுத்தது 120ஆவது இடத்தில். இன்று உலகின் மிகச் சிறந்த தடுப்பாட்டக்காரர்களைப் பட்டியலிட்டால் ஸ்லேவின் பெயர் தவறாமல் இருக்கும்.

அன்றைய ஸ்கவுட்டுகள் (இளம் வீரர்களைத் தேடி மதிப்பிடுபவர்கள்) விவரம் தெரியாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. அந்த முதல் பத்தில்தான் மோர்கன் ரைலியும் ஹாம்பஸ் லிண்ட்ஹோமும் ஜேக்கப் ட்ரூபாவும் இருந்தார்கள். மூவரும் நீண்ட காலம் ஆடி நிலைத்தவர்கள். ஐஸ் ஹாக்கியில் கோல்கீப்பருக்கு அடுத்தபடியாகக் கணிக்கக் கடினமான இடம் டிஃபென்ஸ்தான். என்ன பார்க்க வேண்டும் என்பது பெருமளவு தெரிந்த விஷயம். ஜூனியர் ஆட்டத்தில் எது நம் கண்ணை ஏமாற்றும் என்பதுதான் சிக்கலான பகுதி.

முதலில் இடங்களின் கணக்கு. ஓர் அணி ஆட்டத்துக்கு வழக்கமாக ஆறு டிஃபென்ஸ்மேன்களை, மூன்று ஜோடிகளாக இறக்கும். 32 அணிகளுக்கு மொத்தம் 192 இடங்கள். ஆண்டுதோறும் ஏழு சுற்றுகளில் தேர்வாகும் 224 பேரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு டிஃபென்ஸ்மேன்கள். அந்த 192 இடங்களில் இருப்பவர்களில் சிலரோ பத்துப் பதினைந்து ஆண்டுகள்கூட நகர மாட்டார்கள்.

அடுத்தது வேலையின் தன்மை. முன்கள வீரர் எதிரணி எல்லையில் பக்கை (ஆட்டத்தின் ரப்பர் வட்டை) தவறவிட்டால் அவருக்குப் பின்னால் இரண்டு பேர் இருப்பார்கள். டிஃபென்ஸ்மேன் தன் எல்லையில் தவறவிட்டால் பின்னால் கோலி, அதாவது கோல்கீப்பர், மட்டும்தான். அதைவிட முக்கியம், அவருடைய கடினமான வேலை முழுவதும் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கிறது. எதிரணி நடுக்கோட்டைத் தாண்டியதும் பக்கை மூலைக்கு அடித்துவிட்டு ஓடிவரும். டிஃபென்ஸ்மேன் திரும்பி, தன் எல்லை தொடங்கும் நீலக்கோட்டிலிருந்து கோல் கோடு வரை சுமார் 19.5 மீட்டர் தூரம் பின்னோக்கி விரைந்து பக்கை எடுக்க வேண்டும். கோலுக்குப் பின்னால், களத்தைச் சூழ்ந்த பலகை வரை இருக்கும் இடம் 3.4 மீட்டர்கூட இல்லை. அவரை இடித்து நசுக்க ஒருவர் ஓரிரு மீட்டர் பின்னால் வந்துகொண்டிருப்பார்.

ஒரு டிஃபென்ஸ்மேனைப் பற்றி ஒரே ஒரு காட்சியைத்தான் காட்டுவேன் என்று யாராவது நிபந்தனை போட்டால் நான் கேட்பது இந்தக் காட்சியைத்தான். இதற்குள் ஐந்து தனித்தனி வேலைகள் அடங்கியிருக்கின்றன.

திரும்பிய உடனே தோளுக்கு மேல் ஒரு பார்வை, பக்கைத் தொடுவதற்குச் சற்று முன் இன்னொரு பார்வை. யார் வருகிறார், எந்தப் பக்கமாக வருகிறார், தன் ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்று இந்த இரண்டு பார்வையில் தெரிந்துவிட வேண்டும். அடுத்தது பாதை. பலகையை நோக்கி நேராகப் போனால் அங்கே போய் நின்றுதான் ஆக வேண்டும். வளைந்து போனால் பக்கை எடுத்த வேகத்திலேயே வெளியே திரும்பலாம். மூன்றாவது ஏமாற்று: இடப்பக்கம் போவதுபோல் தோளைச் சாய்த்தால் துரத்துபவர் அந்தப் பக்கம் உடல் எடையைச் சாய்ப்பார், அந்தக் கணத்தில் வலப்பக்கம் வெளியேறலாம். நான்காவது முதல் தொடுகை. பக் ஸ்டிக்கில் பட்ட கணத்திலேயே, தான் அடுத்து போகப்போகும் இடத்துக்கு அது நகர்ந்திருக்க வேண்டும். கடைசியாக, வெளியேறும் வழி. தானே கோலைச் சுற்றிக் கொண்டுபோகலாம், வந்த வழியே பின்னால் தள்ளலாம், குறுக்கே தன் ஜோடிக்குத் தரலாம். அணிகளில் இவற்றுக்கு முறையே வீல், ரிவர்ஸ், ஓவர் என்று ஒற்றைச் சொல் கூவல்கள் உண்டு. ஜோடியோ கோலியோ கூவுவார்கள். மையத்திலோ பலகையோரத்திலோ நிற்கும் முன்கள வீரருக்குப் பாஸ் கொடுக்கலாம். எதுவும் முடியாவிட்டால் பலகையைச் சுற்றியோ அதற்கு மேலுள்ள கண்ணாடியில் பட்டோ பக்கை வெளியே அனுப்பிவிடலாம்.

ஜூனியர் ஆட்டம் நம்மை ஏமாற்றுவது இங்கேதான். திரும்பிப் பார்க்காமல் போகும் பையன் பக்கை எடுத்து, நின்று, கண்ணை மூடிக்கொண்டு பலகையைச் சுற்றி அடிக்கிறான். ஜூனியரில் பாதி நேரம் அது வெளியே போய்விடும், ஏனென்றால் நீலக்கோட்டில் நிற்கும் எதிரணிப் பையனால் அதை நிறுத்த முடிவதில்லை. தொழில்முறை ஆட்டத்தில் அதை நிறுத்திவிடுவார்கள். அடுத்த நொடி அது கோலை நோக்கி வரும். அதேபோல, 193 சென்டிமீட்டர் பையன் 16 வயதுக்காரனின் இடியை முதுகில் வாங்கிக்கொண்டு, பக்கைக் காலடியில் மறைத்து, நிதானமாகப் பாஸ் கொடுப்பான். பார்க்க முதிர்ச்சியாகத் தெரியும். அதே இடியை 27 வயது, 95 கிலோ ஆள் கொடுக்கும்போது அந்த நிதானத்துக்கு வேண்டிய நேரமே கிடைக்காது. ஆகவே ஒவ்வொரு வெற்றிக்கும் கேட்க வேண்டிய கேள்வி: இவனுக்குக் கிடைத்த நேரத்தில் அரை நொடியை எடுத்துவிட்டால் இது நடந்திருக்குமா?

நடைமுறையில் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பக்கை எடுக்கப் போகும் ஒவ்வொரு தடவையும் மூன்றைக் குறியுங்கள்: துரத்தல் இருந்ததா, தொடுவதற்கு முன் பார்த்தானா, பக் யாரிடம் போய்ச் சேர்ந்தது. துரத்தல் இல்லாத தடவைகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவை எதையும் சொல்லாது. ஓர் ஆட்டத்தை வைத்து முடிவெடுக்கவும் கூடாது. ஐந்தாறு ஆட்டங்களில், அதுவும் வலுவான எதிரணிகளோடு ஆடியவற்றில், ஒரு போக்கு தெளிவாகும். அணி 5–1 என்று முன்னணியில் இருக்கும் கடைசிப் பகுதியைத் தாராளமாகத் தவிர்க்கலாம்.

இரண்டாவது காட்சி, எதிரணி பக்கோடு நேராக வருவது. வேதியியல் ஆய்விலிருந்து ஹாக்கிப் புள்ளிவிவரத்துக்கு வந்து, 2024இல் கரோலினா அணியின் பொது மேலாளரான எரிக் டல்ஸ்கி, நீலக்கோட்டைத் தாண்டும் முறைகளை எண்ணிப் பார்த்தார். பக்கை ஸ்டிக்கில் வைத்துக்கொண்டு நுழைந்தால், மூலைக்கு அடித்துவிட்டு நுழைவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு ஷாட்கள் கிடைக்கின்றன. அதனால் தன் நீலக்கோட்டிலேயே எதிராளியை மறித்து, பக்கை விட்டெறிய வைப்பவர் கோல் அருகே எந்த வீரசாகசமும் செய்யாமலே ஷாட்களைக் குறைத்துவிடுகிறார்.

இதற்கு அடிப்படை இடைவெளி. நடுக்கோட்டில் எதிராளிக்கும் தனக்கும் இரண்டு ஸ்டிக் நீளம், நீலக்கோட்டில் ஒரு ஸ்டிக் நீளம் என்பது பயிற்சியாளர்கள் சொல்லும் அளவு. ஸ்டிக்கின் தண்டு அதிகபட்சம் 160 சென்டிமீட்டர். எதிராளியின் வெளிப்பக்கத் தோளை விட்டு, உள்பக்கத்தை மறித்து நின்றால் அவர் பலகையோரமாகத்தான் போக முடியும். பயந்த பையன் இடைவெளியை விட்டு விட்டுக் கோல்வரை பின்வாங்குவான். ஜூனியரில் எதிராளி தூரத்திலிருந்தே அடித்துவிடுவதால் கோலும் விழாது, தவறும் தெரியாது. அவசரக்காரப் பையன் காலை நிறுத்திவிட்டு ஸ்டிக்கை நீட்டுவான் அல்லது இடிக்கப் பாய்வான். இடி விழுந்தால் கூட்டம் ஆர்ப்பரிக்கும். தவறினால் பின்னால் யாருமில்லை.

கால் நகர்கிறதா என்பதற்கு அபராத நிமிடங்கள் (தவறுக்காகக் களத்துக்கு வெளியே உட்காரும் நேரம்) நல்ல துப்பு. கால் தோற்ற பிறகுதான் கை பிடிக்கும், ஸ்டிக் கொக்கி போடும். ஸ்லேவின் 2020–21 பருவத்தில் 52 ஆட்டங்களில் எதிரணிகளின் முதன்மை வீரர்களை எதிர்கொண்டு வெறும் 2 நிமிட அபராதம் பெற்றார். அதற்காக லேடி பிங் விருதும் கிடைத்தது, 2024இல் மறுபடியும் கிடைத்தது. நல்ல நடத்தைக்கான விருது என்று அதைச் சொல்வார்கள். ஒரு டிஃபென்ஸ்மேனிடம் அது ஸ்கேட்டிங்குக்கும் ஸ்டிக் வேலைக்கும் கிடைத்த சான்றிதழ்.

ஸ்கேட்டிங் என்றதும் பலரும் நேர்கோட்டு வேகத்தைப் பார்க்கிறார்கள். டிஃபென்ஸ்மேனுக்கு அது கடைசியில் வரும் விஷயம். முதல் மூன்று எட்டுகள், பின்னோக்கிப் போகும்போது காலைக் குறுக்கே போட்டு வேகம் எடுப்பது, பின்னோக்கிலிருந்து முன்னோக்கித் திரும்புவது, நீலக்கோட்டில் பக்கவாட்டில் நகர்வது ஆகியவற்றைப் பாருங்கள். திரும்புவதை இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பாருங்கள். பல இளைஞர்கள் ஒரு பக்கம் அழகாகத் திரும்பி மறுபக்கம் ஓர் எட்டு தாமதிப்பார்கள்; தொழில்முறை அணிகள் வீடியோவில் அதைக் கண்டுபிடித்து ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கமே வரும். ரைன்ஹார்ட்டின் கால் வேகம் என்.ஹெச்.எல். வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை என்பதே பரவலான மதிப்பீடு. 2015இல் எட்மண்டன் அணி அவருக்காக 16ஆவது, 33ஆவது தேர்வுகளைக் கொடுத்தது. அந்த 16ஆவது தேர்வில் ஐலண்டர்ஸ் எடுத்த மாத்யூ பார்சல் பிறகு நட்சத்திரமானார்.

டிராஃப்டுக்கு முன் பஃபலோவில் நடக்கும் உடற்தகுதிச் சோதனை இதைப் பிடித்துத் தராது. அங்கே நிலையான சைக்கிள், குதித்தல், புல்-அப் எல்லாம் உண்டு. பனித்தளத்தில் எந்தச் சோதனையும் கிடையாது. தசைபலம் 18க்கும் 22க்கும் இடையில் கட்டாயம் கூடும். தொடுவதற்கு முன் பார்க்கும் பழக்கம் தானாகக் கூடுவதில்லை. ஒல்லியாக இருந்தாலும் பழக்கங்கள் சரியாக உள்ள பையனைத்தான் நான் முன்னால் வைப்பேன்.

இனி எண்கள். கோல்களையும் அசிஸ்டுகளையும் (கோலுக்கு வழிசெய்த பாஸ்கள்; இரண்டுக்கும் தலா ஒரு புள்ளி) அப்படியே கூட்டிப் பார்த்தால் தவறான ஆள் மேலே வருவார். பவர் ப்ளேயில், எதிரணியில் ஆள் குறைந்த நேரத்தில், வந்த புள்ளிகளைத் தனியே பிரித்துப் பாருங்கள். என்.ஹெச்.எல். அணியின் முதல் பவர் ப்ளே குழுவில் இப்போதெல்லாம் பெரும்பாலும் ஒரே ஒரு டிஃபென்ஸ்மேன்தான். உலகம் முழுவதற்கும் 32 இடம். ஜூனியரில் பாதிக்கு மேல் புள்ளிகளை அங்கே எடுத்த பையன் அந்த 32 பேரில் ஒருவனாக வராவிட்டால் அவனுக்கு வேறு என்ன வேலை கொடுப்பது? ஐந்துக்கு ஐந்து ஆட்டத்தில் வந்த புள்ளிகள், அதிலும் கோலுக்கு நேர்முன் கொடுத்த பாஸ்கள், நம்பகமானவை. பிளஸ்-மைனஸ் கணக்கு (ஆள் களத்தில் இருக்கும்போது அணி போட்ட, வாங்கிய கோல்களின் வித்தியாசம்) இந்த வயதில் அணியின் தரத்தைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. ஆனால் புள்ளியே இல்லாத ‘தடுப்பு மட்டும்’ பையனிடமும் கவனம் தேவை. என்.ஹெச்.எல்.-இல் தடுப்புக்குப் பேர்போனவர்களில் பலர் ஜூனியரில் பக்கை நன்றாக நகர்த்தியவர்கள்தான்.

எந்த லீகில் எடுத்த புள்ளி என்பதும் முக்கியம். கேப்ரியல் டெஸ்ஜார்டின்ஸ் பரவலாக்கிய முறையில், ஒவ்வொரு லீகுக்கும் ஓர் எடை கொடுத்து அதை என்.ஹெச்.எல். மதிப்பாக மாற்றுவார்கள். பெரியவர்கள் ஆடும் லீகில் சில நிமிடங்கள் நிலைத்து நிற்பதே ஒரு செய்தி. மோரிட்ஸ் சைடர் ஜெர்மனியின் மான்ஹைம் அணியில் வளர்ந்த ஆண்களோடு ஆடியவர், புள்ளிகள் அதிகமில்லை. 2019இல் டெட்ராய்ட் அவரை 6ஆவது இடத்தில் எடுத்தபோது பலரும் ஆச்சரியப்பட்டார்கள். 2022இல் ஆண்டின் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருது அவருக்குத்தான்.

பிறந்த தேதியைப் பார்க்காமல் இருவரை ஒப்பிடாதீர்கள். செப்டம்பர் 15க்குள் 18 முடிந்தால் அந்த ஆண்டு டிராஃப்ட். ஒரு நாள் தள்ளிப் பிறந்தவர் அடுத்த ஆண்டு. ஒரே டிராஃப்டில் இருவருக்கு இடையே ஏறக்குறைய ஒரு வயது வித்தியாசம் இருக்கலாம். கனடாவின் சிறுவர் ஹாக்கியில் வயதுக் கணக்கு ஜனவரி 1இல் தொடங்குகிறது. 1980 முதல் 2007 வரையிலான டிராஃப்ட்களை ராபர்ட் டீனரும் உடன் ஆய்வாளர்களும் அலசி 2013இல் வெளியிட்டார்கள். தேர்வான கனடியர்களில் சுமார் 36% பேர் ஜனவரி–மார்ச்சில் பிறந்தவர்கள், அக்டோபர்–டிசம்பர்க்காரர்கள் 14.5% மட்டுமே. ஆனால் அதே இடத்தில் தேர்வானவர்களை ஒப்பிட்டால், பின்னால் பிறந்தவர்களே அதிகம் சாதித்தார்கள். பராய்க்கோவை 2011இல் யாருமே எடுக்கவில்லை. 19 வயதில்தான் தேர்வானார்.

உயரம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 206 சென்டிமீட்டர் ஸ்டெனோ காராவும் சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நோரிஸ் விருது வாங்கினார், 180ஐ ஒட்டிய கேல் மக்காரும் குவின் ஹ்யூஸும் வாங்கினார்கள். குள்ளமானவர் பிடிபடவே கூடாது, உயரமானவர் திரும்பத் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாகக் கணக்கில் எடுக்க வேண்டியது காலம். நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோம் 53ஆவது தேர்வு, டங்கன் கீத் 54, காரா 56, ஆடம் ஃபாக்ஸ் 66. எல்லோரும் நோரிஸ் விருது பெற்றவர்கள். லிட்ஸ்ட்ரோம் ஏழு முறை. மார்க் ஜோர்டானோ டிராஃப்டிலேயே தேர்வாகாமல் 35 வயதில் அதைப் பெற்றார். கீத் 2002இல் தேர்வாகி, இரண்டு முழுப் பருவங்கள் கீழ்நிலை ஏ.ஹெச்.எல்.-இல் ஆடிவிட்டு 2005இல்தான் சிகாகோ அணிக்கு வந்தார்.

அதனால் 18 வயதில் போட்ட மதிப்பெண்ணை 20 வயதில் புதிதாகப் போட வேண்டும். பையன் ஏ.ஹெச்.எல்.-க்குப் போனதும் அதே நோட்டை எடுங்கள். முதல் பத்து ஆட்டங்களில் எல்லோருமே திணறுவார்கள், அதை ஒதுக்கிவிடலாம். இருபதாவது ஆட்டம் வாக்கில், துரத்தலின்போது பக் சொந்த அணிக்காரரிடம் போய்ச் சேரும் விகிதம் ஜூனியரில் இருந்த அளவை நோக்கி ஏறத் தொடங்கியிருக்க வேண்டும். நாற்பதாவது ஆட்டத்திலும் அது அப்படியே கிடந்து, தொடுவதற்கு முன் பார்த்த தடவைகளும் கூடாமல் இருந்தால், பயிற்சியாளர் அவரை மூன்றாம் ஜோடியில் சுலபமான நிமிடங்களுக்கு மட்டுமே இறக்கிக்கொண்டிருப்பார். நிமிடக் கணக்கைப் பார்த்தாலே அது தெரிந்துவிடும்.