கியர் ராடு குட்டையானால் கியர் சீக்கிரம் விழுமா?

நங்கநல்லூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என்னுடையது 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல் செடான், ஆறு கியர் மேனுவல். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு கடையில் ஷார்ட் ஷிஃப்டர் மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். கியர் பாதி நேரத்தில் விழுமாம். போடலாமா? கியர்பாக்ஸுக்கு ஏதாவது ஆகுமா?"

2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி இரவுப் பந்தயம் நடந்ததிலிருந்தே இந்த வகைக் கேள்விகள் கூடிவிட்டன. அங்கே ஓடிய ஃபார்முலா 4 கார்களில் கியர் ராடே கிடையாது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் துடுப்பைத் தட்டினால் அடுத்த கியர். அந்த கியர்பாக்ஸின் உள்ளமைப்பே வேறு என்பதால் அதை வைத்து நம் வீட்டுக் காரைப் பற்றி எதுவும் முடிவுகட்ட முடியாது. நம் காருக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

ஷார்ட் ஷிஃப்டர் என்பது பள்ளியில் படித்த நெம்புகோல்தான். கியர் ராடு ஒரு உருண்டையின் மேல் ஆடுகிறது, அதுதான் தாங்குபுள்ளி. கணக்குக்காக, உருண்டைக்கு மேலே கை பிடிக்கும் இடம் வரை 200 மி.மீ., கீழே கேபிள் மாட்டும் இடம் வரை 40 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 5:1. கீழ்முனை 20 மி.மீ. நகர வேண்டுமானால் கை 100 மி.மீ. போக வேண்டும். ஷார்ட் ஷிஃப்டரில் கீழ்ப் பகுதியை 50 மி.மீ. ஆக்குகிறார்கள். விகிதம் 4:1, கை 80 மி.மீ. போனால் போதும். பயணம் 20 சதவீதம் குறைந்தது. ஆனால் அதே வேலையைச் செய்ய உங்கள் கை கொடுக்க வேண்டிய விசை 25 சதவீதம் கூடிவிட்டது. இயற்கையிடம் இலவசம் கிடையாது. சொல்லப்போனால் புதுப்பேட்டையில் ஒரு வெல்டரிடம் கொடுத்து மேலே 40 மி.மீ. அறுத்து எறிந்தாலும் கிடைப்பது இதே 4:1தான். கைப்பிடி தாழ்ந்துபோகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, பயணம் குறைந்தால் நேரமும் குறையத்தானே வேண்டும்? கடைக்காரர் அப்படித்தான் நினைக்கிறார். ஆனால் கியர் மாற்றும் நேரத்தில் பெரிய பங்கு கை நகரும் நேரம் அல்ல. வழியில் ஓரிடத்தில் கை நிற்கிறது. உங்களுக்கே தெரியாமல் நிற்கிறது. மூன்றாவது கியருக்குத் தள்ளும்போது பாதி வழியில் ஒரு சின்னத் தடை, அப்புறம் 'ளக்' என்று உள்ளே போகிறது, இல்லையா? அந்தத் தடையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையை எழுத எனக்கு ஆசை.

முதலில் ஒரு விஷயம். கியரை மாற்றும்போது பற்சக்கரங்கள் போய் ஒன்றோடு ஒன்று பிணைவதில்லை. நம் கார்களில் முன்செல்லும் கியர்கள் எல்லாமே எப்போதும் தம் ஜோடியோடு பிணைந்தே சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு சக்கரம் தண்டின் மேல் சும்மா உருள்கிறது, தண்டைத் திருப்புவதில்லை. கியர் போடுவது என்றால், சும்மா உருளும் சக்கரங்களில் ஒன்றைத் தண்டோடு பூட்டுவது. பூட்டுகிற பொருள் ஸ்லீவ் எனப்படும் உள்பற்கள் கொண்ட வளையம். கியர் ராடு கேபிளை இழுக்க, கேபிள் ஃபோர்க்கைத் தள்ள, ஃபோர்க் இந்த ஸ்லீவைத் தண்டின் நெடுக நகர்த்துகிறது.

சிக்கல் என்னவென்றால், தண்டு ஒரு வேகத்தில் சுற்றும், பூட்ட வேண்டிய சக்கரம் இன்னொரு வேகத்தில் சுற்றும். இரண்டாவது கியரின் விகிதம் 2, மூன்றாவதன் விகிதம் 1.4 என்று எடுத்துக்கொண்டால், எஞ்சின் 4000 சுற்றில் ஓடும்போது மூன்றாவதுக்கு மாற்றினால் எஞ்சின் பக்கம் 2800 சுற்றுக்கு இறங்கியாக வேண்டும். கிளட்ச் மிதித்தபின் எஞ்சின் விலகிவிடும். ஆனால் கிளட்ச் தட்டு, அதிலிருந்து கியர்பாக்ஸுக்குள் போகும் உள்தண்டு, அதோடு பிணைந்த அத்தனை பற்சக்கரங்களும் பழைய வேகத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஓடுகிற எம்.டி.சி. பஸ்ஸில் ஏறுகிறவர் கூடவே ஓடி, வேகம் ஒத்துப்போன கணத்தில் கம்பியைப் பிடிப்பார். ஓடாமல் பிடித்தால் என்ன ஆகும் என்பது தெரிந்ததே. கியர்பாக்ஸில் அதன் சத்தம்தான் 'கர்ர்ர்'.

ஒரு காலத்தில் இந்த வேகத்தை ஒத்துப்போக வைப்பது டிரைவரின் வேலை. பழைய லாரி டிரைவர்கள் டபுள் கிளட்ச் அடித்தது (ஒரு கியர் மாற்ற இரண்டு தடவை கிளட்ச் மிதிப்பது) இதற்காகத்தான். பழைய அம்பாசடரில் முதல் கியருக்கு மட்டும் வேகத்தைத் தானே ஒத்துப்போக வைக்கும் ஏற்பாடு இல்லாததால் வண்டியை முழுக்க நிறுத்தித்தான் முதல் கியர் போடுவார்கள். இந்த வேலையை டிரைவரிடமிருந்து எடுத்து கியர்பாக்ஸிடமே கொடுத்தவர் ஏர்ல் தாம்ப்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர். 1928-இல் கேடிலாக் கார்களில் அவருடைய சிங்க்ரோமெஷ் வந்தது. பின்னாளில் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் வந்த ஹைட்ராமேட்டிக் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை உருவாக்கிய குழுவுக்கும் அவரே தலைவர். கியர் போடுவதைச் சுலபமாக்கியவரே, அப்புறம் கியர் போடும் வேலையையே ஒழித்துவிட்டார்!

இன்றைய கார்களில் இருப்பது அதன் வளர்ந்த வடிவம். புதுப்பேட்டையில் கியர்பாக்ஸ் பிரித்து விற்கும் எந்தக் கடையிலும் கேட்டால் ஒரு சிங்க்ரோ ரிங்கைக் கையில் கொடுப்பார்கள். உள்ளங்கையில் அடங்கும் வளையம், பெரும்பாலும் பித்தளை. வெளிவிளிம்பில் வரிசையாகச் சின்னப் பற்கள். ஒவ்வொரு பல்லின் நுனியும் இரண்டு பக்கமும் சரிந்து கூராக இருக்கும். சம இடைவெளியில் மூன்று பள்ளங்கள். உள்பக்கம் லேசாகக் கூம்பிச் செல்லும். விரலால் தடவினால் மெல்லிய வரிகள் தட்டுப்படும். ஆயிலை வழித்து வெளியே தள்ளி, உலோகத்தோடு உலோகம் பிடிக்க வைப்பதற்கான வரிகள் அவை. தேய்ந்த ரிங்கில் அந்த வரிகள் மழுங்கி வழவழவென்று பளபளக்கும்.

இந்த வளையம், பூட்ட வேண்டிய சக்கரத்தின் பக்கவாட்டில் இருக்கும் எஃகுக் கூம்பின் மேல் உட்காருகிறது. ஸ்லீவை நீங்கள் தள்ளியதும், நடுவில் இருக்கும் மூன்று சின்னச் சாவிகள் வளையத்தைக் கூம்பின் மேல் அழுத்துகின்றன. கூம்பு வேறு வேகத்தில் சுற்றுவதால் உராய்வு வளையத்தைக் கூடவே இழுத்துத் திருப்பும். ஆனால் பள்ளங்களில் சாவி இருப்பதால் வளையம் அரைப்பல் அளவுக்குத்தான் திரும்ப முடியும். அந்த அரைப்பல்லில்தான் இருக்கிறது வித்தை. இப்போது வளையத்தின் பற்கள் ஸ்லீவின் பற்களுக்கு நேர் எதிரே வந்து நிற்கின்றன. ஸ்லீவ் மேலே போக முடியாது. வழி அடைபட்டுவிட்டது.

இன்னும் அழுத்தித் தள்ளினால்? இங்கேதான் எனக்குப் புல்லரிக்கும். வளையத்தின் மேல் இரண்டு திருப்புவிசைகள் மல்லுக்கு நிற்கின்றன. ஒன்று, சரிந்த பல்நுனிகள் வழியாக ஸ்லீவ் கொடுப்பது. 'ஒதுங்கு, வழி விடு' என்று வளையத்தைப் பின்னால் திருப்பப் பார்க்கும். இன்னொன்று கூம்பின் உராய்வு. வளையத்தை அடைத்த நிலையிலேயே பிடித்து வைக்கும். நீங்கள் அழுத்தினால் முதலாவது கூடும். ஆனால் அதே அழுத்தம் வளையத்தைக் கூம்பின் மேல் இன்னும் இறுக்குவதால் இரண்டாவதும் அதே விகிதத்தில் கூடும். ஆக, எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் யார் ஜெயிப்பது என்பது மாறாது. அதைத் தீர்மானிப்பது பல்நுனியின் சரிவு, கூம்பின் கோணம், உராய்வு எண் ஆகியவைதான். உங்கள் புஜபலம் அல்ல. வேக வித்தியாசம் இருக்கும்வரை உராய்வே ஜெயிக்கும்படி கோணங்களை வடிவமைத்திருக்கிறார்கள். வேகம் ஒத்துப்போன கணத்தில், வழுக்குவதற்கு ஒன்றும் இல்லாததால் உராய்வின் பிடி விட்டுப்போகிறது. ஸ்லீவ் வளையத்தை அரைப்பல் ஒதுக்கிவிட்டு உள்ளே போகிறது. 'ளக்'.

சென்சார் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. "இரண்டு வேகமும் ஒன்றா?" என்று ஒரு பித்தளை வளையமே சோதித்து, ஆம் என்றால் மட்டும் கதவைத் திறக்கிறது.

கூம்பின் கோணத்திலும் ஒரு கத்திமுனை நடை உண்டு. அச்சிலிருந்து ஏறக்குறைய ஆறேழு டிகிரி சரிவுதான் வைப்பார்கள். 6.5 டிகிரிக்கு உங்கள் தள்ளுவிசை, கூம்பின் மேல் கிட்டத்தட்ட 9 மடங்கு அழுத்தமாகிறது. இன்னும் கூர்மையாக்கினால் இன்னும் நல்ல பிடிதானே? இல்லை, வளையம் கூம்பில் ஆப்படித்த மாதிரி சிக்கிக்கொண்டு திரும்பி வராது. கோணத்தின் டான்ஜென்ட் உராய்வு எண்ணைவிடப் பெரிதாக இருந்தால்தான் விடுபடும். 6.5 டிகிரிக்கு டான்ஜென்ட் 0.114; ஆயிலில் நனைந்த பித்தளையின் உராய்வு எண் 0.1 அளவில் இருக்கும். இடைவெளி எவ்வளவு குறைவு பாருங்கள்.

இப்போது ஷார்ட் ஷிஃப்டருக்குத் திரும்புவோம். வேகத்தை ஒத்துப்போக வைக்கும் நேரம், வளையத்தின் மேல் விழும் விசையைப் பொறுத்தது. விசை பாதியானால் நேரம் இரட்டிப்பு. 5:1 ராடு 4:1 ஆனதும், முன்பு தள்ளிய அதே பலத்தில் நீங்கள் தள்ளினால் வளையத்துக்குப் போய்ச் சேருவது முன்பைவிட 20 சதவீதம் குறைந்த விசை. ஆக, வளையம் எடுத்துக்கொள்ளும் நேரம் 25 சதவீதம் கூடும். குட்டை ராடு போட்டும் முன்பு மாதிரி மென்மையாகவே தள்ளுகிறவருக்குக் கை நகரும் நேரம் குறையும், வாசலில் காத்திருக்கும் நேரம் கூடும். அழுத்தித் தள்ளினால் லாபம் உண்டு. ஆனால் 'பாதி நேரம்' என்பது வியாபாரப் பேச்சு.

அப்படியானால் ஏன் போடுகிறார்கள்? நன்றாக இருக்கும், அதனால்தான். கை ஆட்டம் குறைந்து, ஒவ்வொரு கியரும் இடம் தெரிந்து விழும். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்டுகிறவருக்கு அந்தத் துல்லியம் பெரிய விஷயம். அண்ணா சாலையில் சிக்னலுக்கு சிக்னல் ஒன்று, இரண்டு, ஒன்று என்று போடுகிறவருக்கு அந்த 25 சதவீதக் கூடுதல் விசை சாயங்காலம் மணிக்கட்டில் தெரியும்.

மாட்டுவது பெரிய வேலை இல்லை. நாப் (ராடின் மேல்முனைக் கைப்பிடி), தோல் உறை, நடு கன்சோலைக் கழற்றி, கேபிள் முனைகளை விடுவித்து, பழைய ராடை எடுத்துவிட்டுப் புதியதைக் கிரீஸ் தடவி உட்கார வைப்பார்கள். சில வண்டிகளில் அடியில் சைலன்சரின் வெப்பத் தகட்டையும் இறக்க வேண்டி வரும். கவனமெல்லாம் கடைசியில் செய்யும் கேபிள் அட்ஜஸ்ட்மென்டில் வேண்டும். ஒரு கேபிள் முன்னும் பின்னும் தள்ள, இன்னொன்று இடமும் வலமும் தேர்ந்தெடுக்க. நியூட்ரலில் கியர்பாக்ஸ் முனையையும் ராடையும் தனித்தனியாகப் பூட்டிவிட்டுத்தான் கேபிளை இறுக்க வேண்டும். ஃபோக்ஸ்வாகன் குடும்பத்து வண்டிகளில் ராடைப் பூட்ட 4.5 மி.மீ. டிரில் பிட்டே போதும். மெக்கானிக் அதைச் செருகுகிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். கண் மதிப்பில் இறுக்கினால் ஸ்லீவ் முழுதாக உள்ளே போகாது. பூட்டும் பற்கள் பின்பக்கம் லேசாக ஒடுங்கியிருப்பதால்தான் மாட்டிய கியர் கழலாமல் நிற்கிறது. அரைகுறையாக மாட்டினால் அந்தப் பிடி கிடைக்காது. ஓட்டத்தில் கியர் நழுவும், பல்நுனிகள் உருளும். ஷார்ட் ஷிஃப்டரால் கியர்பாக்ஸ் போச்சு என்று நான் கேள்விப்பட்ட கதைகளில் பலவும் இப்படிக் கேபிளில் முடிந்தவைதான். வாரண்டி இருக்கும் வண்டியானால் முதலில் சர்வீஸ் சென்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு ஆபத்து கையிலேயே இருக்கிறது. கியர்களின் இடைவெளி சுருங்குவதால், நான்காவதிலிருந்து ஐந்தாவதுக்கு எனத் தள்ளியது மூன்றாவதில் விழலாம். வளையம் தடுக்காதா என்றால், தடுக்காது. கிளட்ச் மிதித்திருப்பதால் அது உள்தண்டின் வேகத்தை ஏற்றிவிட்டு, கேட்டதைச் செய்துவிட்டதாகக் கதவைத் திறந்துவிடும். கிளட்ச்சை விட்டதும் எஞ்சின் சிவப்புக் கோட்டைத் தாண்டிப் பறக்கும். எஞ்சினில் இருக்கும் மின்னணுக் கட்டுப்பாடு எரிபொருளைத்தான் நிறுத்த முடியும்; சக்கரம் இழுத்துச் சுற்றுவதை நிறுத்த முடியாது.

கியர் சிரமமாக விழுகிறது என்பதற்காக ஷார்ட் ஷிஃப்டர் தேடுகிறீர்கள் என்றால், முதலில் கியர் ஆயிலையும் புஷ்களையும் பாருங்கள். கம்பெனி புத்தகத்தில் கியர் ஆயிலின் தரக் குறியீடு ஜி.எல்.-4 என்று போட்டிருந்தால் 'அதைவிட ஒசத்தி' என்று ஜி.எல்.-5 ஊற்றச் சம்மதிக்காதீர்கள். ஆயில் கூடுதலாக வழுக்கினால் உராய்வு எண் குறையும். மேலே சொன்ன மல்லுக்கட்டில் தப்பான ஆள் ஜெயித்துவிடுவார். போதாக்குறைக்கு அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பித்தளையை அரிக்கவும் கூடும். ஆயுத பூஜைக்கு நாப்பில் சந்தனமும் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழமும் வைக்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை (நடுரோட்டில் பூசணிக்காய் உடைத்துவிட்டுப் போகிறவர்களோடு உண்டு, பின்னால் பைக்கில் வருகிறவர் என்ன பாவம் செய்தார்?). ஆனால் வருடா வருடம் எலுமிச்சம்பழம் மாற்றுகிறவர்களில் பலர் கியர் ஆயிலை ஒரு தடவைகூட மாற்றியதில்லை.

உராய்வு என்றாலே நம் ஊரில் மவுசு இல்லை. 1966-இல் பிரிட்டனில் பீட்டர் ஜோஸ்ட் தலைமையிலான குழு, உராய்வையும் தேய்மானத்தையும் ஒழுங்காகப் படித்தாலே நாட்டுக்கு ஆண்டுக்கு 51.5 கோடி பவுண்டு மிச்சமாகும் என்று அறிக்கை கொடுத்தது. இத்தனை கார் தொழிற்சாலைகளை வைத்திருக்கும் சென்னையில் இது அடுத்த தலைமுறையின் கனவுத் துறையாக இருக்க வேண்டாமா? பித்தளையும் ஆயிலும் என்று நிதி கேட்டால் யாருக்கும் உற்சாகம் வருவதில்லை, தலைப்பில் ஏ.ஐ. இருந்தால்தான் கோப்பு நகர்கிறது என்பது என் வயிற்றெரிச்சல்.

வாசகர் கடைசியாக, கனமான உலோக நாப் போட்டால் பலன் உண்டா என்று கேட்டிருக்கிறார். உண்டு. நகரும் கனமான நாப்பின் உந்தம், வளையத்தின் வாசலில் நிற்கும் கணத்தில் உங்கள் கைக்குத் துணையாகத் தள்ளும். அந்தத் தடை குறைந்ததுபோல் இருக்கும். இதே காரணத்துக்காகச் சில வண்டிகளில் கியர்பாக்ஸ் முனை நெம்புகோலில் கம்பெனியே ஒரு இரும்புக் குண்டு வைத்திருக்கும். அதைக் கழற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். விலையும் குறைவு, கேபிளைத் தொட வேண்டியதும் இல்லை. அதனால் முதலில் நாப்பை மட்டும் மாற்றி ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். மே மாதம் மெரினா பார்க்கிங்கில் வெயிலில் நிறுத்தினால் மட்டும் அதற்கு ஒரு துணி உறை போட்டுவிட்டு இறங்குங்கள், இல்லாவிட்டால் கை சுட்டுவிடும்.