ஸ்டாப்வாட்சில் வந்த நேரம் தகுதி நேரம் ஆகாது

போன மாதம் ஒரு பதின்மூன்று வயதுப் பெண் நீச்சல்குளத்தின் ஓரத்தில் தலைவழியே துண்டைப் போர்த்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். 100 மீட்டர் பிரீஸ்டைல். அடுத்த கட்டப் போட்டிக்குப் போக 1:10.00 வேண்டும். பலகையில் வந்தது 1:11.84. "பயிற்சியில் ஒரு நிமிஷம் எட்டு செகண்ட்லயே வந்தாளே சார், நானேதான் டைம் எடுத்தேன்" என்றார் அப்பா. அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் எடுத்தது 25 மீட்டர் குளத்தில், கைபேசியில். போட்டி நடந்தது 50 மீட்டர் குளத்தில். இந்த சீசனில் இப்படி நான் பார்க்கும் மூன்றாவது பிள்ளை இவள்.

25 மீட்டர் குளத்தில் 100 மீட்டர் நீந்தினால் மூன்று டர்ன், அதாவது மூன்று முறை சுவரில் திரும்ப வேண்டும். 50 மீட்டர் குளத்தில் ஒன்றே ஒன்று. சுவரைக் காலால் உதைத்துக் கிளம்பும்போது கிடைக்கும் வேகம், மேலே வந்து கை போடும்போது யாருக்கும் கிடைக்காது. பிரீஸ்டைலில் அந்த உதையோடு 15 மீட்டர் வரை நீருக்கடியிலேயே போக விதி இடம் தருகிறது. ஆக, சின்னக் குளத்தில் சுவர் இரண்டு முறை கூடுதலாக உதவி செய்கிறது. அந்த உதவி எத்தனை நொடி என்பது ஆளுக்கு ஆள் மாறும். டர்ன் நன்றாகப் போடும் பிள்ளைக்கு வித்தியாசம் அதிகம். அதனால்தான் ஒரு குளத்தின் நேரத்தை இன்னொன்றுக்கு மாற்றித் தரும் அட்டவணைகளை நம்பாதீர்கள் என்கிறேன். அவை வெறும் மதிப்பீடு. சில போட்டிகள் ஏற்கும், பல போட்டிகள் ஏற்காது. ஒலிம்பிக் தகுதிக்கு 50 மீட்டர் குளத்து நேரம் மட்டும்தான்.

அப்புறம் அந்தக் கட்டைவிரல். விசில் காதில் விழுந்து, மூளைக்குப் போய், விரல் அழுத்துவதற்குள் கொஞ்ச நேரம் ஓடிப்போயிருக்கும். முடிவிலோ, கை சுவரை நெருங்குவதைப் பார்த்தே விரல் முந்திக்கொள்ளும். இரண்டு பக்கமும் நேரம் குறைகிறது. போட்டியில் சுவரில் பொருத்தியிருக்கும், கை பட்டதும் நேரத்தைப் பதியும் டச்பேட் அப்படி யாருக்கும் சலுகை தராது.

சரி, கருவியும் குளமும் சரியாக இருந்தால் போதுமா? போதாது. 2021 ஜூனில் ரோமில் நம் நாட்டு நீச்சல் வீரர் சஜன் பிரகாஷ் 200 மீட்டர் பட்டர்ஃபிளையை 1:56.38-இல் முடித்தார். டோக்கியோ ஒலிம்பிக்குக்கு நேரடியாகத் தகுதி பெற வேண்டிய 'ஏ' தகுதி நேரம் 1:56.48. பத்தில் ஒரு நொடி வித்தியாசத்தில் உள்ளே போனார். அதே இடத்தில் இன்னொரு இந்திய வீரர் ஸ்ரீஹரி நட்ராஜ் 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில் 53.77 நீந்தினார், தேவை 53.85. ஆனால் அவர் நீந்தியது பதக்கத்துக்கான போட்டியில் அல்ல, நேரம் பதிவதற்காக மட்டும் நீந்தும் டைம் ட்ரயலில். உலக நீச்சல் அமைப்பு ஒப்புக்கொண்ட பிறகுதான் அந்த நேரம் கணக்கில் சேர்ந்தது. அவர்கள் நிலையிலேயே இப்படி என்றால், நம் கைபேசி நேரத்துக்கு என்ன மதிப்பு?

ரிலேயில் முதல் ஆளின் நேரம் பொதுவாகத் தகுதிக்குச் செல்லும். மற்ற மூவரும் முன்னவர் சுவரைத் தொடும்போதே பாய்ந்துவிடுவதால் அவர்களுடையது செல்லாது. தனிப் போட்டியில் தகுதி நீக்கம் ஆனால் எவ்வளவு வேகமாக நீந்தியிருந்தாலும் நேரமே இல்லை.

பெற்றோரே, போட்டி அறிவிப்பை முழுதாகப் படியுங்கள். எந்த நீளக் குளம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிக்குள் நீந்திய நேரம், எந்தப் போட்டிகளின் முடிவு ஏற்கப்படும் என்று எழுதியிருக்கும். வயதை எந்த நாளை வைத்துக் கணக்கிடுகிறார்கள் என்றும் பாருங்கள். போட்டியின் முதல் நாளை வைப்பவர்களும் உண்டு, டிசம்பர் 31-ஐ வைப்பவர்களும் உண்டு. ஒரு பிரிவு மேலே போனால் தகுதி நேரமும் மாறிவிடும். கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது கடைசிப் போட்டியைத் தேடி ஓடாதீர்கள். பெயர் கொடுக்கும்போது நேரத்தைக் குறைத்து எழுதவே எழுதாதீர்கள். சான்று கேட்டால் மாட்டிக்கொள்வது பிள்ளைதான்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பயிற்சியில் எடுத்த நேரத்தைச் சொல்லி "நீ குவாலிஃபை ஆயிட்டே" என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். அந்தப் பெண் அழுதது 1:11.84-க்காக இல்லை. அதற்கு முன் அவள் 50 மீட்டர் குளத்தில் நீந்தியதில் மிகச் சிறந்தது 1:13.20. ஒரு நொடிக்கும் மேல் முன்னேறியிருந்தாள். அதை அவளிடம் யாரும் சொல்லவே இல்லை.