லைக்ரா இழுபடும், தோள் இழுபடாது

போன வெள்ளிக்கிழமை கடை மூடுகிற நேரத்தில் ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கேரி பேக்கில் இருந்து ஒரு கருநீல பாடிசூட்டை, உடம்போடு ஒட்டுகிற ஒரே துண்டு உடையை, எடுத்து மேஜையில் வைத்தாள். முதுகில் கழுத்திலிருந்து இடுப்பு வரை கத்தரிக்கோலால் வெட்டியிருந்தது. இடது தொடையின் உள்பக்கத் தையல் ஒரு சாண் நீளத்துக்குப் பிரிந்திருந்தது. "அக்கா, இதைச் சரி பண்ண முடியுமா? இன்னொரு நிகழ்ச்சி இருக்கு" என்றாள். நான் உடையைப் பார்ப்பதற்கு முன் அவள் தோளைப் பார்த்தேன். இரண்டு நாள் ஆகியும் கழுத்தோரத்தில் பை வார் அழுத்தியது போலச் சிவந்த கோடு போகவில்லை.

நடந்தது இதுதான். காஸ்பிளே போட்டிக்காக, அதாவது கதைப் பாத்திரம் போலவே உடுத்தி மேடையேறுகிற போட்டிக்காக, காலை ஒன்பது மணிக்கு உடையைப் போட்டிருக்கிறாள். தனியாகக் கழற்ற முடியாது, பாத்ரூம் போக முடியாது என்பதால் தண்ணீர் குடிக்கவே இல்லை. மதியத்துக்குள் விரல்கள் மரத்துப்போயிருக்கின்றன. மூன்று மணிக்கு மேடையில் ஒரு காலை மடக்கிக் குனிந்தபோது தையல் விட்டுவிட்டது. தோழிகள் துப்பட்டாவைச் சுற்றி அழைத்துப் போய்க் கழற்றப் பார்த்தால் ஜிப் இறங்கவில்லை. தலை சுற்றுகிறது என்று அவள் சொன்னதும் பயந்துபோய் வெட்டியிருக்கிறார்கள். அந்த அவசரத்தில் முதுகிலும் ஒரு கீறல்.

இந்த வருஷத்தில் என்னிடம் இப்படி வந்தவர்களில் இவள் ஐந்தாவது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இருபது வருஷமாகச் சென்னையில் மேடை உடை தைக்கிறேன். ஸ்கேட்டிங் பிள்ளைகள், ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகள், நாட்டிய நாடகம் என்றுதான் முதலில் போய்க்கொண்டிருந்தது. 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கத்தில் காமிக்ஸ் ரசிகர்கள் கூடுகிற முதல் சென்னை காமிக் கான் விழா நடந்ததற்குப் பிறகு காஸ்பிளே பிள்ளைகள் நிறைய வர ஆரம்பித்தார்கள். மாதக்கணக்கில் காசு சேர்த்து, ஒரு பாத்திரத்தின் கையுறைத் தையல் வரைக்கும் பார்த்துக் குறித்துக்கொண்டு வருகிறார்கள். அந்த ஆர்வம் எனக்கு மிகவும் பிடிக்கும். அதனால்தான் அந்தப் பிள்ளைகள் வலியோடு திரும்பி வருவதைப் பார்க்கத் தாங்கவில்லை.

எல்லோரும் சொல்கிற ஒரே வாக்கியம்: "லைக்ராதானே, இழுத்துக்கும்."

தைப்பவரும் இதைத்தான் சொல்கிறார், போடுபவரும் இதைத்தான் சொல்கிறார். துணி இழுபடும் என்றால் அளவு வேண்டாம் என்று நினைக்கிறார்கள். உண்மை நேர் எதிரானது. பட்டுப் பாவாடையில் ஒரு இன்ச் பிசகினால் ஊக்கு வைத்துச் சமாளிக்கலாம். உடம்போடு ஒட்டுகிற உடையில் ஒரு இன்ச் பிசகினால் அது நாள் முழுக்க உடம்பில் வேலை செய்துகொண்டே இருக்கும்.

எப்படி என்று சொல்கிறேன். லைக்ரா என்பது துணியின் பெயரே இல்லை, ஒரு நூலின் வர்த்தகப் பெயர். 1958ல் டூபாண்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்த இழை. நைலானோடும் பாலியஸ்டரோடும் பருத்தியோடும் அதைக் கலந்து துணி பின்னுகிறார்கள். அந்த இழையின் குணம் இழுபடுவது மட்டுமில்லை. இழுத்தால் விடாமல் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். அப்படித் திரும்பப் பார்க்கிற விசை முழுவதையும் நம் உடம்புதான் வாங்கிக்கொள்கிறது.

சுற்றளவில் இது பெரிய பிரச்சினை இல்லை. மார்பு 36 இன்ச் என்றால் துணியைப் பத்து சதவீதம் குறைத்து ஏறத்தாழ 32½ இன்ச்சுக்கு வெட்டுவோம். அந்த மூன்றரை இன்ச் இழுவை உடம்பைச் சுற்றிப் பரவிவிடும். எந்த ஒரு இடமும் தனியாகச் சுமக்காது. சுருக்கம் இல்லாமல் ஒட்டி உட்காரும்.

நீளம் அப்படி இல்லை. தோளில் தொடங்கி, முன்பக்கமாக இறங்கி, கால்களுக்கு நடுவே போய், முதுகு வழியாக அதே தோளுக்குத் திரும்பி வருகிற ஒரு சுற்று இருக்கிறது. நாங்கள் அதைச் 'சுத்து உயரம்' என்போம். இந்த அளவை எடுக்காத தையல்காரரிடம் பாடிசூட் கொடுக்காதீர்கள். நீளவாக்கில் வருகிற இழுவைக்குப் பரவ இடமே கிடையாது. அது தோளிலும் கவட்டிலும் மட்டும்தான் போய் விழும். தோள் எலும்பு, கழுத்து நரம்பு, கீழே மென்மையான தோல். இந்த இரண்டு இடங்களும் எட்டு மணி நேரம் ஒரு ரப்பர் பட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பது மாதிரி.

அந்தப் பெண்ணுக்குச் சுத்து உயரம் 60 இன்ச். அவள் கொண்டுவந்த உடையை விரித்து அளந்தேன்: 53. ஏழு இன்ச் குறைவு. நான் தைத்திருந்தால் 57க்குக் கீழே போயிருக்க மாட்டேன். நீளத்தில் ஐந்து சதவீதம் குறைப்பதே எனக்கு எல்லை. தைத்தவர் மோசமானவர் இல்லை. ஜாக்கெட் நன்றாகத் தைப்பவர் என்று அவள் அம்மா சொன்னார். சுற்றளவைக் குறைத்த அதே கணக்கில் நீளத்தையும் குறைத்திருக்கிறார். இழுத்துக்கும் என்று நம்பிவிட்டார்.

இன்னொன்றும் உண்டு, அனுபவப்பட்ட தையல்காரர்களே தவறவிடுவது. இழுபடும் துணியை அகலத்தில் இழுத்தால் நீளம் சுருங்கும். ஒரு துண்டைக் கையில் பிடித்து இழுத்துப் பாருங்கள், கண்ணுக்கே தெரியும். அதனால் மார்போ இடுப்போ பெரிதாக உள்ளவர்களுக்கு அகலம் இழுபட இழுபட நீளமும் போதாமல் போகும். "ஒரு சைஸ் சின்னதாப் போட்டா ஃபிட்டா இருக்கும்" என்று ஆன்லைனில் வாங்குகிறவர்கள் இதைத் தயவுசெய்து இரண்டு தரம் படியுங்கள்.

எல்லாவற்றையும் விட எனக்கு வருத்தம் தருவது ஒன்று இருக்கிறது. அளவு எடுக்கும்போது, "இடுப்பை ரெண்டு இன்ச் குறைச்சு எழுதிக்கோங்க அக்கா, அதுக்குள்ள இளைச்சுடுவேன்" என்பார்கள். பெண் பிள்ளைகள் மட்டுமில்லை, பையன்களும்தான். அப்புறம் நிகழ்ச்சிக்கு முந்தின வாரம் சாப்பிடாமல் கிடப்பார்கள். கண்ணா, இன்றைக்கு உனக்கு இருக்கிற உடம்புக்குத்தான் நான் தைப்பேன். அந்த உடம்பிலேயே அந்தப் பாத்திரம் அழகாக இருக்கும். இளைத்தால் பக்கத் தையலில் பிடித்துக் கொடுக்க எனக்குப் பத்து நிமிஷம் போதும். இல்லாத துணியை எந்த மாஸ்டராலும் விட்டுக் கொடுக்க முடியாது.

சரி, துணிக்கு வருகிறேன். கடையில் 'ஃபோர் வே லைக்ரா' என்று கேட்டு வாங்குங்கள். நாலு பக்கமும் இழுபடுவது அதுதான். 'டூ வே' ஒரு பக்கம் மட்டும் இழுபடும், பாடிசூட்டுக்கு ஆகாது. லெக்கிங்ஸ் தைக்கிற பருத்தி லைக்ராவில் அந்த இழை பெரும்பாலும் ஐந்து சதவீதம் போலத்தான் இருக்கும். முட்டியும் பின்பக்கமும் அரை நாளில் தொங்கிவிடும். நீச்சல் உடைத் துணியில் பதினைந்து முதல் இருபது சதவீதம் இருக்கும், அதுதான் வேண்டும். கடைக்காரர் சொல்வதை மட்டும் கேட்காமல் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். பத்து சென்டிமீட்டர் துணியை விரலால் பிடித்து, சிரமமில்லாமல் பதினைந்துக்கு வந்தால் போதும். பத்து விநாடி அப்படியே பிடித்துவிட்டு விடுங்கள். மறுபடி பத்துக்குத் திரும்ப வேண்டும். பத்தரையில் நின்றால் அந்தத் துணியை வைத்துவிட்டு வாருங்கள். நீளம், அகலம் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்.

பிரிண்ட் போட்ட உடைகளில் இறுக்கத்தைக் காட்டிக்கொடுக்கிற அடையாளம் ஒன்று இருக்கிறது. சூட்டில் சாயத்தை ஏற்றுகிற சப்ளிமேஷன் பிரிண்ட்டில் சாயம் துணியின் மேல் பரப்போடு நின்றுவிடும். அளவுக்கு மீறி இழுத்தால் உள்ளிருக்கும் வெள்ளை வெளியே தெரியும். முட்டி, தோள், பின்பக்கம் வெளிறியிருந்தால் அது பிரிண்ட் போட்டவர் தவறு இல்லை. உடை சின்னது என்று துணியே சொல்கிறது.

மினுமினுப்பான தோல் மாதிரித் துணி வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: அது மேலே பூச்சு பூசியது, காற்று போகாது. சென்னை வெயிலில் முழு உடம்புக்கும் அதைப் போடாதீர்கள். அக்குள், முதுகு, முட்டியின் பின்பக்கம், கவடு இந்த இடங்களில் சாதாரண லைக்ராவை வைத்துத் தைத்துக் கேளுங்கள். நிறம் ஒன்றாக இருந்தால் மேடையில் யாருக்கும் தெரியாது.

தைப்பவர்களுக்குச் சில வார்த்தை. சாதாரண நேர்த் தையல் போடாதீர்கள். துணி இழுபடும், நூல் இழுபடாது, அறுந்துவிடும். அந்தக் கருநீல உடையின் தொடைத் தையலைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். அரை இன்ச்சுக்கு ஒரு இடத்தில் நூல் அறுந்து நுனி முடி மாதிரி நின்றது. ஊசி போன இடமெல்லாம் சின்னச் சின்ன ஓட்டை. சாதாரணக் கூர் ஊசி, பின்னலின் கண்ணிகளையே அறுத்திருக்கிறது. நுனி உருண்ட பால் பாயிண்ட் ஊசியோ ஸ்ட்ரெச் ஊசியோ போடுங்கள், விலை ஒன்றும் அதிகமில்லை. நாலு நூல் ஓவர்லாக் இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஒடுக்கமான ஜிக்ஜாக், பாலியஸ்டர் நூல். பருத்தி நூல் வேண்டவே வேண்டாம். முதலில் வெட்டுத் துண்டில் ஒரு சாண் தைத்து, முடிந்த மட்டும் இழுங்கள். 'டப்' என்று சத்தம் வந்தால் மெஷினில் நூல் டென்ஷனை மாற்றுங்கள். கவட்டில் நாலு தையலும் ஒரே புள்ளியில் சந்திக்க விடாதீர்கள். வைர வடிவத்தில் ஒரு துண்டு வைத்தால் இழுவையும் குறையும், உராய்வும் குறையும். பசை போட்டு ஒட்டுகிற வேலை இருந்தால் உடையை மேஜையில் வைத்து ஒட்டி, முழுதாகக் காயவிட்டு, அப்புறம் போடச் சொல்லுங்கள். உடம்பில் போட்டபடியே ஒட்டி, தோல் புண்ணாகி வந்த பையனைப் பார்த்திருக்கிறேன்.

ஜிப் விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. "பின்னாடி ஜிப் தெரியக் கூடாது, சின்னதா வைங்க" என்பார்கள். ஜிப் திறந்த வாய் வழியாக இடுப்பு நுழைய வேண்டும். கழுத்திலிருந்து இடுப்புக்குக் கீழே வரை போனால்தான் அது நடக்கும். மறைவு ஜிப் இடுப்பு வளைவில் கடிபட்டு நிற்கும், அந்தப் பெண்ணுக்கு நின்றதும் அங்கேதான். நைலான் ஜிப், உள்பக்கம் தோல் சிக்காமல் ஒரு பட்டி, இழுப்பானில் ஒரு நீளமான ரிப்பன். போடுபவர் தன் கையாலேயே இறக்க வேண்டும். என் மேஜையில் அதைச் செய்து காட்டாமல் நான் உடையைக் கையில் கொடுப்பதில்லை. முழு நாள் போடுகிற உடைக்குக் கீழே தனியாக ஒரு ஜிப் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. பாத்ரூம் போக வழியிருந்தால்தான் தண்ணீர் குடிப்பீர்கள். நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கிக்கொண்டு, அடுத்த வாரம் காய்ச்சலும் எரிச்சலுமாக டாக்டரிடம் போன பிள்ளைகள் என் வாடிக்கையாளர்களிலேயே இருக்கிறார்கள்.

ட்ரையலுக்கு வரும்போது அன்றைக்குப் போடப்போகிற உள்ளாடையோடும் ஷூவோடும் வாருங்கள். வெளிர் நிறத் துணி இழுபட்டு வியர்வையும் பட்டால் உள்ளே இருப்பது தெரியும். அதைக் கடை வெளிச்சத்தில் என்னிடம் பார்த்துக்கொள்வது நல்லது. கண்ணாடி முன் நேராக நின்று பார்ப்பது ட்ரையல் இல்லை. குந்தி உட்கார்ந்து எழுந்திருங்கள். இரண்டு கையையும் தூக்குங்கள். பாத்திரத்தின் போஸைப் பிடித்து ஒரு நிமிஷம் நில்லுங்கள். அப்படியே கால் மணி நேரம் உட்கார்ந்து என்னோடு பேசிக்கொண்டிருங்கள். விரல் மரத்தாலோ, கழுத்தில் இழுத்தாலோ, மூச்சை முழுசாக இழுக்க முடியாவிட்டாலோ சொல்லிவிடுங்கள். "பரவாயில்லை அக்கா, அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்" என்று சொல்லாதீர்கள். நீங்கள் அட்ஜஸ்ட் செய்துகொள்வதற்காக நான் தைக்கவில்லை.

முகத்தை மூடுகிற உடை என்றால் மூக்கும் வாயும் வருகிற இடத்தில் வலைத்துணி. நிகழ்ச்சிக்குக் கட்டாயம் ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போங்கள். அவர் பையில் தண்ணீர், ஒரு தளர்வான சட்டை, முனை மழுங்கிய கத்தரிக்கோல். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாதி ஜிப்பையாவது இறக்கி விடுங்கள். தலை சுற்றினால் உடையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், பக்கத் தையலோடு வெட்டுங்கள், முதுகு நடுவில் வெட்டாதீர்கள். தையலில் வெட்டிய உடையை நான் இலவசமாகவே தைத்துத் தருகிறேன்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இந்த உடைக்கு அளவு எடுப்பது உடம்பைத் தொட்டு எடுக்கிற வேலை. பெண் பிள்ளைக்குப் பெண்ணே எடுக்கட்டும். நீங்கள் கூடவே இருங்கள். "இதெல்லாம் எதுக்குடி" என்று வீட்டில் திட்டினால் பிள்ளைகள் ஒளித்துவைத்துத் தைக்கக் கொடுப்பார்கள், ட்ரையல் பார்க்காமல் போடுவார்கள், வலித்தாலும் வீட்டில் சொல்ல மாட்டார்கள். அந்த அம்மாவும் தோளைப் பார்த்தபிறகுதான் கடைக்கு அழைத்து வந்தார்.

அந்தக் கருநீல உடையைச் சரிசெய்யவில்லை. ஏழு இன்ச்சை எங்கிருந்து கொண்டுவருவது? மார்பில் இருந்த சின்னத்தையும் கைப்பட்டைகளையும் பிரித்து எடுத்துவைத்தேன். அவள் இரண்டு மாதம் உட்கார்ந்து கையால் செய்தது அவை. புதுத் துணி கட்டிங் மேஜையில் இருக்கிறது. சுத்து உயரம் 57½ வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ட்ரையல், ஷூவோடு வரச் சொல்லியிருக்கிறேன்.