நாக்கால் கிணற்றை அளக்காதீர்கள்

குமரி மாவட்டக் கடலோரத்தில், கேரள எல்லையை ஒட்டிய நீரோடிப் பக்கம் இன்னொரு வீடு. வளைகுடாவில் உழைத்த பணத்தோடு வீட்டுப் பெண்களின் நகையையும் அடகு வைத்து எழுப்பிய மாடி. கூரைத் தளத்தைச் சுத்தியலால் தட்டினால் பொள்ளலாகச் சத்தம் வருகிறது. ஓரிடத்தில் கான்கிரீட் பாளமாக விழுந்திருக்க, உள்ளே கம்பி துருவேறிச் செதில் செதிலாக உரிந்து நின்றது. கலவைக்கு எந்தத் தண்ணீர் என்று கேட்டேன். "வீட்டுக் கிணறுதான் சார். வாயில் விட்டுப் பார்த்தேன், அவ்வளவு கரிப்பு இல்லை" என்றார் கொத்தனார்.

கம்பியைத் துருவேற்றுவது உப்பில் உள்ள குளோரைடு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் அது லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. அந்த எல்லை நாக்குக்குத் தெரியாது.

கிணறு கரிப்பதற்குக் கடல் உயர்வதும் ஒரு காரணம். ஆனால் கடல் உயர்கிறது என்றால் இங்கே எல்லோர் கண்ணிலும் அலை மட்டுமே படுகிறது. "ஆண்டுக்கு நான்கு மில்லிமீட்டர்கூட இல்லையே, பேரன் காலத்துக் கவலை" என்று படித்தவர்களே சொல்லும்போது எரிச்சல் வருகிறது. 2006 முதல் 2018 வரை உலகச் சராசரி ஆண்டுக்கு 3.7 மி.மீ. என்பது சரிதான். 1901 முதல் 1971 வரை அது 1.3 மி.மீ. தான். வேகம் கூடியிருப்பதை யாரும் பார்ப்பதில்லை. 1901க்குப் பிறகு கடல் ஏறியது மொத்தம் சுமார் 20 செ.மீ., ஏறத்தாழ ஒரு சாண். சராசரி யார் வீட்டையும் இடிக்காது. வாவு நாளில், அதாவது அமாவாசை, பௌர்ணமியில், கடல் ஏறுவதும், தெற்கே எங்கோ அடித்த புயலிலிருந்து இங்கே காற்றே இல்லாமல் வந்து சேரும் கள்ளக்கடலும் ஒரே நாளில் கூடும்போது, அந்தச் சாணின் மேல் நின்றுதான் அலை கிளம்புகிறது. சரிவு குறைந்த மணற்கரையில் ஒரு சாண் உயரம் பல அடி தூரம் உள்ளே வந்துவிடும்.

"கரையில் தடுப்புக் கல் போட்டாயிற்றே" என்பார்கள். கல் அலையைத் தடுக்கும்; மணலுக்கு அடியில் நகரும் உப்புநீரை எதை வைத்துத் தடுப்பது? கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல நீர் நின்றால், கீழே சுமார் 40 அடி நல்ல நீர் உப்புநீரின் மேல் மிதக்கும் என்பது எங்கள் துறையின் பழைய கணக்கு. கடல் உயர்ந்து, மேலே நிற்கும் அந்த நீர் அரை அடி குறைந்தால் கீழே 20 அடி போயிற்று. பழி முழுவதும் கடலுக்கு இல்லை. இரவு பகலாக மோட்டார் போட்டு இறைப்பதும் அதே வேலையைத்தான் செய்கிறது. கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கல் போடும் தூண்டில் வளைவின் ஒரு பக்கம் மணல் சேர, மறுபக்கம் கரை அரிவது தனிக்கதை.

ஆகவே, தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். தேறாவிட்டால் லாரித் தண்ணீர் வாங்குங்கள். கடல் மணலைத் தொடாதீர்கள். கடலோரத்தில் எம்30 என்னும் வலிமைத் தரத்துக்குக் குறைந்த கான்கிரீட் கலவை வேண்டாம். கம்பிக்கு மேல் 45 மி.மீ. கான்கிரீட் இருக்கட்டும், கொத்தனார் சொல்லும் அரை அங்குலம் காணாது. வெடிப்பைப் பூச்சால் மறைப்பது துருவுக்குப் போர்வை போர்த்துவதுதான்.

எல்லைக்கு அப்பால், கரையிலிருந்து 50 மீட்டருக்குள் வசிக்கும் மீனவர்கள் இடம்பெயரக் கேரள அரசு புனர்கேஹம் என்னும் மறுகுடியமர்வுத் திட்டத்தில் 10 லட்சம் ரூபாய் தருகிறது. அங்கும் பலர் தயங்குகிறார்கள். வள்ளத்தை விட்டு எவ்வளவு தூரம் போவது? நியாயமான கேள்வி. இருந்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன்: மாடிக்கு வைத்திருக்கும் பணத்தில் நாலு தெரு உள்ளே தள்ளி ஓர் அறையாவது கட்டுங்கள். வலையும் எஞ்சினும் வைக்கக் கரையில் ஒரு தகரக் கொட்டகை போதும்.