கையை இறக்குறது எந்த தசையோட வேலை?

தசைக்கு இழுக்க மட்டும்தான் தெரியும், தள்ளத் தெரியாது. நீங்க ஒரு கதவை தள்ளுறப்போ கூட உள்ள ஏதோ ஒரு தசை எலும்பை இழுத்துட்டுதான் இருக்கு. அதனாலதான் மூட்டுக்கு ரெண்டு பக்கமும் ஆள் வேணும், முழங்கையை மடக்க முன்பக்கம் பைசெப்ஸ், நீட்ட பின்பக்கம் ட்ரைசெப்ஸ். ஒண்ணு சுருங்குறப்போ எதிர்ல இருக்கிறது தளரணும், அந்த உத்தரவை மூளை தனியா அனுப்பணும்னு கூட இல்ல, தண்டுவடத்துலயே வேலை முடிஞ்சிடும். 1932ல நோபல் வாங்கின ஷெரிங்டன்ங்கிற உடலியல் விஞ்ஞானிதான் இதை விலாவாரியா ஆராய்ஞ்சவர்.

ஸ்கூல் பாடம் இதோட நின்னுடும், ஆனா சுவாரஸ்யமே இதுக்கப்புறம்தான். கையில தண்ணி பாட்டிலை பிடிச்சுக்கிட்டு மடக்கின முழங்கையை மெதுவா நீட்டி கீழ இறக்குங்க, இன்னொரு கையால தொட்டுப் பாருங்க. நீட்டுறது ட்ரைசெப்ஸ் வேலைதானே, ஆனா இறுகி இருக்கிறது பைசெப்ஸ்! கீழ இழுக்கத்தான் புவியீர்ப்பு இருக்கே, பாட்டில் பொத்துன்னு போயிடாம கிணத்துல வாளி இறக்குறப்போ கயித்தை கொஞ்சம் கொஞ்சமா விடுற மாதிரி பைசெப்ஸ் நீண்டுக்கிட்டே தாங்குது. மலை ஏறினதை விட இறங்கின மறுநாள் தொடை அதிகமா வலிக்கிறதும் இந்த மாதிரி வேலையாலதான்.

பைசெப்ஸுக்கு இன்னொரு வேலையும் உண்டு, உள்ளங்கையை மேல்பக்கமா திருப்புறது. வலது கையால ஸ்க்ரூ டைட் பண்றப்போ இந்த திருப்பு மட்டும்தான் நமக்கு வேணும், ஆனா பைசெப்ஸ் சுருங்கினா முழங்கையும் சேர்ந்து மடங்கப் பாக்கும், அதை மடங்க விடாம ட்ரைசெப்ஸ் எதிர்ப்பக்கம் இழுத்து பிடிக்கும். அப்போ மேல்கையை தொட்டா முன்னாடி பின்னாடி ரெண்டுமே கல்லு மாதிரி இருக்கும். அதாவது எதிரிங்கன்னு படிச்ச ரெண்டும் இங்க கூட்டாளிங்க.

முஷ்டி மடக்குறதும் அப்படித்தான். மணிக்கட்டை உள்பக்கமா நல்லா மடக்கி வச்சுட்டு விரலை இறுக்கிப் பாருங்க, பலமே வராது. விரலை மடக்குற பெரிய தசைங்க முன்கையில இருக்கு, அதோட நாண்கள், அதாவது தசையை எலும்போட இணைக்கிற கயிறு மாதிரி பகுதிங்க, மணிக்கட்டை தாண்டித்தான் விரலுக்குப் போகுது, மணிக்கட்டு ஏற்கனவே மடங்கிட்டா அந்த தசை இன்னும் சுருங்க இடமே இல்ல. அதனால சாதாரணமா நாம எதையாவது இறுக்கிப் பிடிக்கிறப்போ முன்கையோட பின்பக்க தசைங்க மணிக்கட்டை லேசா பின்னாடி இழுத்து நிறுத்திடும், நமக்கு தெரியவே தெரியாது.

நின்னுக்கிட்டு கையை சட்டுன்னு முன்னாடி தூக்குறப்போ இன்னும் விசேஷம், தோள் தசை சுருங்குறதுக்கு ஒரு கண நேரம் முன்னாடியே தொடையோட பின்பக்கமும் முதுகும் இறுக ஆரம்பிச்சிடும், இல்லன்னா கை போற வேகத்துல உடம்பு நிலை தடுமாறும்.